நிறுத்தியது நீங்களா, அவர்களா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு 'ஸ்டாப்' பற்றிக் கொஞ்சம்

புதிதாக வந்து இறங்குகிறவர்கள் ஆங்கிலத்தில் எதற்கெதற்கோ பயப்படுகிறார்கள். உச்சரிப்பு சரியாக வருமா, போனில் பேசினால் புரியுமா, இன்டர்வியூவில் திக்கிவிடுவேனோ என்றெல்லாம். 'ஸ்டாப்' என்ற சொல்லுக்குப் பயந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொல்தானே. அந்தத் தைரியத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். நான் இருப்பது டொராண்டோவில் ஸ்காபரோ பக்கம், வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒரு சொல்லால் எனக்கும் என்னைச் சுற்றியிருக்கிறவர்களுக்கும் நடந்ததைச் சொல்கிறேன். சாலை விதி என்று நான் சொல்வதெல்லாம் ஒன்ராறியோ விதி, வேறு மாகாணத்தில் இருக்கிறவர்கள் உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம் போன கதை. என்னோடு ரூமில் இருந்த தம்பி ஒருவன், மதுரைப் பையன், ஒரு ஏஜென்சி மூலமாக வேர்ஹவுஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஜனவரி வந்ததும் வேலை குறைந்துவிட்டது. இந்த வாரம் ஷிப்ட் இல்லை என்று மெசேஜ் வந்தது, அடுத்த வாரமும் அதே மெசேஜ். மூன்றாவது வாரம், நீ இன்னும் எங்களோடு இருக்கிறாயா என்று கேட்டு ஒரு மெசேஜ் வர, இவன் பஸ்ஸில் நின்றுகொண்டே 'நோ, ஐ ஸ்டாப்ட்' என்று தட்டிவிட்டான். அவன் மனதில் இருந்தது 'எனக்கு வேலை நின்னுபோச்சு'. படித்தவருக்குப் புரிந்தது 'நான் வேலையை விட்டுவிட்டேன்'.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்றால், இங்கே வேலை நின்றதும் முதலாளி ஆர்ஓஇ என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும், ரெக்கார்ட் ஆஃப் எம்ப்ளாய்மென்ட். இப்போது பெரும்பாலும் ஆன்லைனிலேயே போய்விடும். அதில் 16ஆவது கட்டத்தில் என்ன காரணத்துக்காக வேலை முடிந்தது என்று ஓர் எழுத்து போடுவார்கள். 'ஏ' போட்டால் கொடுக்க வேலை இல்லை என்று பொருள், 'ஈ' போட்டால் அவராக விட்டுப் போனார், 'எம்' போட்டால் நாங்கள் நீக்கினோம். வேலை இல்லாத காலத்தில் அரசாங்கத்திடமிருந்து வரும் இஐ பணம் இந்த எழுத்தைப் பார்த்துத்தான் நகரும். தக்க காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு ரெகுலர் இஐ கிடையாது. தம்பிக்கு விழுந்தது 'ஈ'. நல்லவேளை, ஷிப்ட் இல்லை என்று வந்த பழைய மெசேஜ்களை அவன் அழிக்கவில்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, இரண்டு மூன்று முறை போன் போட்டு, கடைசியில் ஆர்ஓஇயைத் திருத்தி 'ஏ' வாங்கிவிட்டான். அதற்குள் இரண்டு மாத வாடகையை என்னிடம் கடன் வாங்கியிருந்தான்.

இதை யோசித்துப் பார்த்தால் தம்பியின் மேல் தப்பே இல்லை. தமிழில் நில் என்பது வேறு, நிறுத்து என்பது வேறு. மழை நின்றது, வண்டியை நிறுத்தினான். தானாக நின்றதா, யாராவது நிறுத்தினார்களா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஸ்டாப்தான். அப்புறம் நாம் 'என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க' என்று சொல்வதை அப்படியே 'தே ஸ்டாப்ட் மீ' என்று சொன்னால், யாரோ வழியில் மறித்தார்கள் போலிருக்கிறது என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். வேலை விஷயத்தில் ஸ்டாப்பைத் தொடவே தொடாதீர்கள். வேலை இல்லை என்று அனுப்பினார்களா, 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்'. நீங்களாக விட்டீர்களா, 'ஐ க்விட்'. தப்புக் கண்டுபிடித்து அனுப்பினார்களா, 'ஐ வாஸ் ஃபயர்ட்'. 'லெட் கோ' என்று ஒன்று இருக்கிறது, கேட்க நாகரிகமாக இருக்கும், ஆனால் லெய்ட் ஆஃபா ஃபயர்டா என்று புரியாது, ஃபாரம் நிரப்பும் இடத்தில் அது வேண்டாம். கணவனோ மனைவியோ வேறு ஊருக்கு மாறிப் போனதால் கூடவே போனது, வேலையிடத்தில் தொல்லை, உடம்புக்கு ஆபத்தான வேலை, இப்படிப்பட்ட காரணங்களால் நீங்களாகவே விட்டிருந்தாலும் தக்க காரணம் என்று ஏற்றுக்கொள்ள இடம் உண்டு, அதனால் விட்டேன் என்பதோடு நிற்காமல் ஏன் விட்டேன் என்பதையும் எழுதுங்கள்.

இதே குழப்பம் ஜிம்மிலும் வரும். போவதை நிறுத்தினால் 'ஜிம்மை நிறுத்திட்டேன்' என்போம், நம் மனதில் அது முடிந்த கதை. அங்கே மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் நீங்கள் ஸ்டாப் செய்தீர்கள், கேன்சல் செய்யவில்லை. பேங்கில் சொல்லி 'ஸ்டாப் பேமென்ட்' போட்டாலும் பணம் போவதுதான் நிற்கும், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் நிற்காது, பாக்கி என்று பின்னால் வந்து நிற்பார்கள். செக்குக்கும் அப்படித்தான். பேங்க் அதற்குத் தனியாகக் கட்டணம் வேறு பிடிக்கும்.

சரி, அடுத்தது ஒரு கோழி கதை. எங்கள் ஆபீஸில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்த வாரத்தில் ஆபீஸில் பாட்லக், ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது. ஒருத்தி சிக்கன் விங்ஸ் தட்டை நீட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டே 'ஐ ஸ்டாப்ட் டு ஈட் மீட்' என்றார். இறைச்சி சாப்பிடுவதை நிப்பாட்டிவிட்டேன் என்பது அவர் சொல்ல வந்தது. அந்தப் பெண்ணுக்கோ, இறைச்சி சாப்பிடத்தான் வேலையை நிறுத்திவிட்டு வந்தேன் என்று கேட்டது. 'குட் ஃபார் யூ!' என்று நான்கு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள். பக்கத்திலேயே புளிச்சாதம் இருந்தது, அதன் மேல் சாஸ் வழிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இதற்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை, தமிழிலேயே விடை இருக்கிறது. 'டீ குடிக்க நிறுத்தினோம்', 'டீ குடிப்பதை நிறுத்தினோம்'. முதலாவது திண்டிவனத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியது, இரண்டாவது டாக்டர் சொல்லி டீயையே விட்டது. இந்த இரண்டையும் குழப்புகிற தமிழர் உலகத்தில் கிடையாது. குடிக்க, சாப்பிட, பேச என்று வந்தால் 'டு' போடுங்கள். குடிப்பதை, சாப்பிடுவதை, பேசுவதை என்று வந்தால் 'இங்' போடுங்கள். ஸ்டாப்ட் டு டிரிங்க், ஸ்டாப்ட் டிரிங்கிங். வாயைத் திறப்பதற்கு முன் மனதுக்குள் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்த்தால் போதும். டாக்டரிடம், பார்மசியில் பேசும்போது இது ரொம்ப முக்கியம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள், அங்கே 'ஐ ஸ்டாப்ட் டேக்கிங் இட்' என்று தெளிவாக வர வேண்டும், எந்தத் தேதி என்பதும் சேர்ந்து வர வேண்டும்.

இப்போது என் மானம் போன கதை. ஜி2 ரோடு டெஸ்ட், அதாவது இங்கே லைசென்ஸுக்காக ரோட்டில் ஓட்டிக்காட்டும் முதல் டெஸ்ட். ஊரில் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியவன், இதெல்லாம் ஒரு டெஸ்டா என்கிற எண்ணம். குடியிருப்புத் தெரு, முனையில் எட்டு மூலைச் சிவப்புப் பலகை, முன்னும் பின்னும் ஒரு ஈ காக்கை இல்லை. பிரேக்கை மிதித்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், திரும்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்த அம்மா எதுவும் சொல்லவில்லை, பேனாதான் அசைந்தது. திரும்பி வந்ததும் பெயில். நான் நின்றேனே என்று கேட்டதற்கு, வேகத்தைக் குறைத்தீர்கள், நிற்கவில்லை, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது என்றார். இதற்கு 'ரோலிங் ஸ்டாப்' என்று பெயர். இங்கே நிற்பது என்றால் சக்கரம் முழுதாக அசைவற்று இருக்க வேண்டும். எப்படித் தெரியும் என்றால், வண்டி முன்னால் சாய்ந்து மறுபடி லேசாகப் பின்னால் வந்து அமரும், அதை உங்கள் முதுகு உணர வேண்டும். மூன்று எண்ண வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், சட்டத்தில் எண்ணிக்கை இல்லை, முழுதாக நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைக் கோடு இருந்தால் கோட்டுக்கு முன், கோடு இல்லையென்றால் ஆட்கள் கடக்கும் இடத்துக்கு முன், அதுவும் இல்லையென்றால் நடைபாதையின் ஓரத்தில். லைசென்ஸ் வாங்கிய பிறகு இதில் மாட்டினால் 3 டீமெரிட் பாயின்ட், லைசென்ஸ் கணக்கில் ஏறும் தப்புப் புள்ளி. நாலு பக்கமும் ஸ்டாப் இருந்தால் முதலில் வந்தவர் முதலில் போவார், இரண்டு பேரும் ஒன்றாக வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. ஊரில் ஹாரன் அடித்தவருக்கு வழி என்று பழகிய கைக்கு இது படிய ஒரு மாதம் ஆகும்.

ஒரு வேடிக்கை. மொன்ட்ரியல் போனால் இதே சிவப்புப் பலகையில் பிரெஞ்சில் 'அரே' என்று எழுதியிருக்கும். பிரான்சுக்கே போனால் அங்கே 'ஸ்டாப்' என்றுதான் இருக்கும். நம் ஊர்ப் பலகையில் நில் என்று ஒரே சொல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் நிற்பதில்லை.

ஸ்கூல் பஸ் விஷயத்தில் விளையாடாதீர்கள். மேலே சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் ஸ்டாப் பலகை நீண்டால் பின்னால் வருகிறவர்கள் 20 மீட்டருக்கு முன்பே நிற்க வேண்டும், எதிரில் வருகிறவர்களும் நிற்க வேண்டும். நடுவில் மீடியன் கட்டி ரோட்டைப் பிரித்திருந்தால் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. முதல் தடவையே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம், 6 பாயின்ட். டவுன்டவுனில் ஸ்ட்ரீட்கார், அதாவது ரோட்டில் தண்டவாளத்தில் ஓடும் டிராம், நின்று கதவு திறந்தால், அதன் பின்கதவுக்கு 2 மீட்டர் முன்பாகவே நின்றுவிட வேண்டும், ஆட்கள் ரோட்டிலேயே இறங்குவார்கள்.

பின்னால் போலீஸ் விளக்கு மின்னினால் வலது ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுச் சீட்டிலேயே உட்காருங்கள், கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும். ஊர் வழக்கப்படி கதவைத் திறந்து, பேப்பர்களை எடுத்துக்கொண்டு, 'சார்' என்று பின்னால் நடந்து போகக் கூடாது. என் மாமா போனார். அன்றைக்கு எல்லோருக்கும் வியர்த்தது.

அதே மாமாதான் ஒருநாள் டவுன்டவுனில் என் கையைப் பிடித்து இழுத்து, 'இங்கே நிற்கக் கூடாதாம், வா வா' என்றார். பார்த்தால் 'நோ ஸ்டாண்டிங்' பலகை. வண்டிக்குச் சொன்னது மாமா, நமக்கு இல்லை என்றேன். சிரித்தாலும் விஷயம் குழப்பமானதுதான், நம் 'வண்டியை நிறுத்தாதே' இங்கே மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. 'நோ பார்க்கிங்' என்றால் ஆளையோ சாமானையோ ஏற்றி இறக்க நின்றுவிட்டுப் போகலாம். 'நோ ஸ்டாண்டிங்' என்றால் ஆள் ஏறி இறங்க மட்டும். 'நோ ஸ்டாப்பிங்' என்றால் எதற்கும் கூடாது, சிக்னலுக்கோ போலீஸ் சொன்னதற்கோ நிற்பது தவிர. ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு இட்லி மாவு வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நினைத்த ஒருவன் எழுதுகிறேன்.

விளம்பர மெசேஜ் வந்தால் ஸ்டாப் என்று பதில் அனுப்பினால் நின்றுவிடும், உங்களுக்குத் தெரிந்த கடை, ஐந்தாறு இலக்கச் சின்ன எண் என்றால் மட்டும். பார்சல் வந்திருக்கிறது, வரிப்பணம் திருப்பித் தருகிறோம் என்று யாரென்றே தெரியாத எண்ணிலிருந்து வந்தால் பதிலே போடாதீர்கள், இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். 7726க்கு ஃபார்வர்டு செய்துவிட்டு அழித்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் 'ஸ்டாப் பை எனிடைம்' என்றால் ஒருநாள் வந்துவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். ஆனால் எனிடைம் என்பது எனிடைம் இல்லை, ஒரு மெசேஜ் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேசரியோடு போய் நின்றோம், அவர் பைஜாமாவில் கதவைத் திறந்தார். அவர் மனைவியின் தோட்டத்தைப் புகழ்ந்தபோது 'ஓ, ஸ்டாப் இட்!' என்றார் அந்த அம்மா. நான் உண்மையாகவே நிறுத்திவிட்டேன். இன்னும் கொஞ்சம் சொல்லு என்று அர்த்தமாம், பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் என் அத்தை மகன் சொல்வான், அவர்கள் பக்கம் 'ஸ்டாப்பிங் அட் மை மம்ஸ்' என்றால் அம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று. அது அவர்கள் பாடு.

கடைசியாகப் பஸ். நாம் 'அடுத்த ஸ்டாப்பிங்' என்போம், ஈழத்துக்காரர்கள் 'ஹோல்ட்' என்பார்கள், இங்கே 'ஸ்டாப்' மட்டும்தான். ஜன்னலோரம் இருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும், அல்லது கம்பியில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். இழுக்காவிட்டால், இறங்க ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை என்று பஸ் போய்க்கொண்டே இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: டிடிசி என்கிற டொராண்டோ நகரப் பஸ்ஸில் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை, தனியாக வருகிறவர்கள் இரண்டு ஸ்டாப்புக்கு நடுவிலேயே இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம், 'ரெக்வெஸ்ட் ஸ்டாப்' என்று பெயர். கொஞ்சம் முன்கூட்டியே டிரைவரிடம் சொல்லுங்கள், முன்கதவு வழியாக இறக்கிவிடுவார்.

என் அம்மா வந்திருந்தபோது முதல் நாள் கயிறு எதற்கென்று தெரியாமல், எங்கள் தெரு தாண்டுகிறதே என்று எழுந்து நின்று 'ஹோல்டான், ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்!' என்று கூப்பிட்டுவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தி, அம்மா பையைத் தேடி எடுத்து மெல்ல இறங்கும் வரை காத்திருந்தார். இறங்கும்போது அம்மா திரும்பி, 'வர்றேன் தம்பி' என்றார். அவரும் கையை அசைத்தார்.