கிச்சன் சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, ஆசிட் ஊற்றலாமா?

கேள்வி
முதல் மாடி வீடு. சிங்க் அடியிலிருந்து நெளிநெளி வேஸ்ட் பைப் 2 இன்ச் பிவிசியில் செருகியிருக்கிறது. அது சுவருக்கு வெளியே போய், கீழே கல்லி ட்ராப்பில் (கழிவுநீர் வந்து சேர்கிற, மூடி போட்ட சின்னத் தொட்டி) சேர்கிறது. அரை சிங்க் தண்ணீர் வடிய ஐந்து நிமிஷம் ஆகிறது. வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது சிங்க்கில் கொடகொடவென்று சத்தம். பாத்ரூமில் பிரச்சினை இல்லை. கொதிக்கிற தண்ணீர், சோடா மாவு, வினிகர் எல்லாம் போட்டாச்சு.

பதில் 1
ஆசிட் வேண்டாம். அந்தச் சத்தம்தான் துப்பு. மெஷின் தண்ணீர் கீழே போக வழியில்லாமல் பைப்பில் இருக்கிற காற்றைச் சிங்க் வழியாகத் தள்ளுகிறது. அப்படியென்றால் இரண்டு லைனும் சேர்கிற இடத்துக்குக் கீழேதான் அடைப்பு.

முதலில் கல்லி ட்ராப் மூடியைத் திறந்து பாருங்க. அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நாற்றம் மேலே வராமல் தடுக்கிறதே அதுதான். வெளியேறும் வாய்க்கு மேலே தண்ணீர் ஏறி நின்றால் மட்டும் அங்கே அடைப்பு. எண்ணெய்க் கட்டியைக் கரண்டியால் அள்ளி எடுத்துடுங்க.

சிங்க் பக்கத்தையும் விடாதீங்க. நெளி பைப் முனையை உருவி வாளியில் விட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்க. சரசரவென்று இறங்கினால் அந்தப் பைப் மேல் குற்றமில்லை.

பதில் 2
ஆசிட் கேட்டதால் சொல்றேன்: அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்காது. பிசுக்கைச் சோப்பாக மாற்றுவது காஸ்டிக் சோடா. ஆனால் அளவு மீறிக் கொட்டினால் அதுவே பைப்புக்குள் கல்லாக இறுகிடும். காஸ்டிக் போட்ட பைப்பில் ஆசிட் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு. சோடா மாவும் வினிகரும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், நுரை பார்க்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

கொதிநீரும் கூடாது. பிவிசி சுமார் 60 டிகிரிக்கு மேல் இளகும். கை தாங்குகிற சூடு போதும்.

கேட்டவர்
கல்லி ட்ராப் சரியாக இருக்கு. நெளி பைப்பிலும் தண்ணீர் தாராளமா இறங்குது. வெளிச்சுவர் பைப்பில் திருகு போட்ட மூடி வைத்த ஒரு வளைவு தெரியுது.

பதில் 3
அது டோர் பெண்ட், அதாவது திறந்து சுத்தம் செய்ய மூடி வைத்த வளைவு. பாதி வேலை குறைஞ்சது. நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில் நின்று திருகைக் கழற்றுங்க. தேங்கிய தண்ணீர் பீய்ச்சும். அடைப்பு எடுக்கிற ஸ்பிரிங் கம்பியைக் கீழ்ப்பக்கமாக விட்டு வலப்பக்கமே சுற்றுங்க, மாற்றிச் சுற்றினால் ஸ்பிரிங் பிரிந்து உள்ளேயே மாட்டிக்கும். முட்டுகிற இடத்தில் குத்தாமல், சுற்றிச் சுற்றி இழுத்து, பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் விடுங்க. மூடியின் ரப்பர் நைந்திருந்தால் மாற்றிடுங்க. மூடிய பிறகு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கலந்த வெந்நீர் இரண்டு வாளி.

சிங்க்கில் ரப்பர் பம்ப் அடிக்கிறதா இருந்தா, மெஷின் பைப் வாயை ஈரத்துணியால் இறுக்கி அடைக்காமல் அடிக்காதீங்க. அழுத்தம் அந்த வழியாப் போயிடும்.

பதில் 1
ஒன்று விட்டுப்போச்சு. சுவரோரம் படுக்கையாகப் போகிற பைப்பில் ரசமட்டம் வைத்துப் பாருங்க. மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு வேணும். இரண்டு கிளாம்புக்கு நடுவே தொங்கியிருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி எண்ணெய் படியும். எத்தனை தடவை கம்பி விட்டாலும் திரும்ப அடைக்கும். தொங்குகிற இடத்தில் ஒரு கிளாம்ப் கூடுதலா அடிங்க.