ரயிலில் ஆட ஒரு கேம் பாய் கிடைத்திருக்கிறது: எதில் தொடங்கலாம்?

செங்கல்பட்டு_ஃபாஸ்ட்:

வணக்கம் மக்களே. தினமும் செங்கல்பட்டிலிருந்து எழும்பூர் வரை லோக்கல் ரயிலில் போய் வருகிறேன். கிளம்புகிற ஸ்டேஷனிலேயே ஏறுவதால் காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். ரீல்ஸ் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. போன வாரம் சித்தப்பா மகன் துபாயிலிருந்து வந்தவன், சின்ன வயதில் தான் ஆடிய, நின்டெண்டோவின் கையடக்க கேம் பெட்டியான கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியை "சும்மாதான் கிடக்குது, வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனான். மடக்கினால் சட்டைப் பைக்குள் போய்விடுகிற மாடல், வெள்ளி நிறம். சார்ஜரும் வேலை செய்கிறது. கூடவே வந்தது ஒரே ஒரு கேசட். ரோஸ் நிறத்தில் ஒரு உருண்டை, வாயைத் திறந்து எதிரில் வருவதையெல்லாம் உறிஞ்சுகிறது. பார்த்தால் எல்கேஜி குழந்தைக்குச் செய்த மாதிரி இருக்கிறது.

என் அனுபவம் என்று சொன்னால் திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேமும், நோக்கியா போனில் பாம்பு கேமும்தான். கையில் வைத்து ஆடும் கேம்களில் நீங்கள் நிஜமாகவே ஆடியதில் எது பிடித்தது? பேர் பெரிதாக இருந்தும் எது சலிப்புத் தட்டியது? யூடியூபில் டாப் 10 பார்த்தாயிற்று, எல்லோரும் ஒரே பட்டியலை ஒப்பிக்கிறார்கள். நீளமாக இங்கிலீஷ் படிக்க வேண்டிய கேம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சும்மா_ஒருவன்:

எதுக்கு ப்ரோ கேசட் தேடி அலையணும்? போனிலேயே பழைய கேம்களை ஓட்டுகிற எமுலேட்டர் ஆப் போட்டால் முடிந்தது. 2024லிருந்து ஐபோனிலேயே விடுகிறார்கள்.

பொத்தான்_பித்தன்:

தம்பி, எஸ்பி கையில் இருக்கும்போது போன் பக்கம் போகாதீர்கள். கண்ணாடியில் கட்டைவிரலைத் தேய்த்து மரியோவைக் குதிக்க வைப்பது ஒரு பிழைப்பா? அதற்கு நடுவில் ஆபீஸ் குரூப்பில் இருந்து "குட் மார்னிங்" வேறு வந்து விழும்.

நான் கோவையில் மெடிக்கல் ரெப். டாக்டர் அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருப்பதுதான் என் தொழிலில் பாதி. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கூப்பிட்டால் அந்த நிமிஷமே டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதனால் ஒரு கேமைப் பற்றி நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: பாதியில் எழுந்து போனால் ஆடினதெல்லாம் அப்படியே இருக்குமா? கிராஃபிக்ஸ், கதை எல்லாம் அப்புறம்தான். ரயிலில் போகிற உங்களுக்கும் இதே கணக்குதான். மாம்பலத்தில் பெரிய வில்லனோடு பாஸ் ஃபைட் தொடங்கினால் எழும்பூருக்குள் முடியுமா என்பது கேம் செய்தவருக்குத் தெரியாதே.

முதலில் ஒரு எச்சரிக்கை. எஸ்பியின் மூடியை மூடினால் கேம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. மூடிக்குள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் ஆள் அடி வாங்கிக்கொண்டிருப்பான். மூடினால் தூங்கும் வசதி 2004ல் நின்டெண்டோவின் அடுத்த பெட்டியான டிஎஸ் வந்த பிறகுதான், அதிலும் டிஎஸ் கேம்களுக்கு மட்டும். ஆகவே எஸ்பியில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடுகிற கேமைப் பார்த்து எடுங்கள்.

அந்த வகையில் என் முதல் ஓட்டு அட்வான்ஸ் வார்ஸ். இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் செய்தது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 10 அன்று வெளியானது. அடுத்த நாள் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். யுத்த விளையாட்டு என்பதால் ஐரோப்பாவில் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். இருபது வருஷம் கழித்து நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்காகப் புதுப்பித்தபோது, 2022ல் உக்ரைனில் சண்டை மூண்டதும் மறுபடியும் தள்ளிவைத்து 2023ல்தான் விட்டார்கள். பார்க்க பொம்மை டாங்கி மாதிரி இருக்கிற கேமுக்கு இப்படி ஒரு ராசி.

கட்டம் போட்ட மைதானம். நீங்கள் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை. உங்கள் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்துவிட்டு எழுந்திருக்கலாம். ருசி எங்கே இருக்கிறது என்றால், ஒரு நகரத்தைப் பிடிக்க 20 புள்ளி வேண்டும். முழுத் தெம்போடு இருக்கும் காலாட்படை ஒரு முறைக்கு 10 குறைக்கும், ஆக இரண்டே முறையில் நகரம் உங்களுடையது. அதே படை அடிபட்டு 5 ஆகிவிட்டால் நான்கு முறை அங்கேயே உட்கார வேண்டும். நடுவில் எதிரி அவர்களை ஒழித்துவிட்டால் போச்சு. பீரங்கியோ, நகர்ந்த முறையில் சுடாது. சுடுகிற முறையில் நகராது. இந்தச் சின்னக் கணக்குகளை வைத்துக்கொண்டே ஒரு மத்தியானத்தை ஓட்டிவிடலாம். குறை என்றால் தொடக்கத்தில் வருகிற பயிற்சிப் பாடம். அதை முடிக்காமல் கதைக்குள் விட மாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுங்கள்.

அதே கம்பெனியின் ஃபயர் எம்பளமும் இந்த ரகம்தான், ஆனால் கல் நெஞ்சு. ஒவ்வொரு அசைவையும் அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். உங்கள் வீரன் ஒருவன் செத்துப்போனான், பதறிப்போய் ஆஃப் செய்து ஆன் செய்கிறீர்கள் என்று வையுங்கள். திரும்ப வந்தால் அவன் செத்த இடத்திலேயே நிற்கும். அவனைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த அத்தியாயத்தையே முதலிலிருந்து ஆட வேண்டும். பேச்சும் நிறைய வரும், இங்கிலீஷ் படித்தாக வேண்டும்.

எஸ்பியில் பழைய கேம் பாய் கேசட்டும் ஓடும் என்பதால் இன்னொன்று: செல்டா என்ற சாகச கேம் வரிசையில் 1993ல் வந்த லிங்க்ஸ் அவேக்கனிங். கேம் பாயில் ஆடுவதற்கு இரண்டே பட்டன், ஏ, பி. எனவே வாள்கூட ஒரு பொருள்தான். கேடயம் வேண்டுமா, குதிக்கும் இறகு வேண்டுமா, எதை எந்தப் பட்டனில் மாட்டுவது என்று அடிக்கடி பையைத் திறந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு இதுவே தலைவலி, எனக்கு அதில்தான் சுகம். அந்த ஊர்க் கடையில் கடைக்காரன் முதுகைத் திருப்பும்போது பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஓடினால் அதற்கப்புறம் ஊரில் எல்லோரும் உங்களைத் "திருடா" என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்கள் வைத்த பெயரையே எடுத்துவிடுவார்கள். திரும்ப அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தால் உயிர் போய்விடும். சின்னக் கேசட்டில் என்ன குசும்பு பாருங்கள்.

சலித்தது எது என்று கேட்டீர்கள். கோல்டன் சன். அழகான கேம்தான், சண்டைக் காட்சியில் அந்தக் காலத்தில் வாயைப் பிளந்தேன். ஆனால் தொடக்கத்தில் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பொம்மை தலையை ஆட்டும், இன்னொன்று யோசிக்கும், மூன்றாவது அதையே வேறு வார்த்தையில் சொல்லும். நான் கையில் வாள் எடுப்பதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் அந்த ரோஸ் உருண்டையை எல்கேஜி என்று ஒதுக்காதீர்கள். அது கிர்பி. கேசட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறது?

தனி_ஆவர்த்தனம்:

பித்தன் அண்ணா எப்போது வந்தாலும் இதே அளவுகோலோடு வருவார். வெயிட்டிங் ரூமுக்குச் சரிப்படாவிட்டால் கேமே இல்லையா? நான் சோனியின் கையடக்கப் பெட்டி பிஎஸ்பி கட்சி. அதிலும் படப்பான் என்ற கேம்.

சின்னச் சின்ன ஒற்றைக்கண் வீரர்கள். அவர்களை நீங்கள் நேரடியாக நகர்த்த முடியாது, முரசு மட்டும்தான் தட்டலாம். சதுரப் பட்டன் 'பட', வட்டம் 'பான்'. பட பட பட பான் என்று தட்டினால் முன்னால் நடப்பார்கள். பான் பான் பட பான் என்றால் அடிப்பார்கள். நான்கு தட்டுத் தட்டினால் அடுத்த நான்கு தட்டுக்கு அவர்கள் திருப்பிப் பாடிக்கொண்டே சொன்னதைச் செய்வார்கள், அந்த நேரம் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நான் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவள். நான்கும் நான்கும் எட்டு, ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். தொடையில் தட்டிப் பழகிய கைக்கு அது தானாக வந்துவிட்டது. பிசகாமல் தொடர்ந்து தட்டினால் ஃபீவர் என்று ஒரு நிலை வரும், பாட்டும் ஆட்டமும் உச்சத்துக்குப் போகும். ஒரே ஒரு தட்டு பிசகினால் எல்லாம் இறங்கிவிடும். என் தம்பி இந்த கேமில் மூன்றாவது ஸ்டேஜ் தாண்டவில்லை. வீட்டில் இன்றுவரை அவனைக் கிண்டல் செய்கிறோம்.

இது ரயிலுக்குச் சரிவராது என்று ஒத்துக்கொள்கிறேன். காதில் இயர்போன் வேண்டும், மனசு முழுக்க அங்கே இருக்க வேண்டும். அதற்காக இதைவிட பீரங்கிக் கணக்கு உசத்தி என்று சொல்ல என்னால் முடியாது.

செங்கல்பட்டு_ஃபாஸ்ட் கவனிக்க: எஸ்பியில் இயர்போன் ஓட்டையே கிடையாது. சார்ஜர் போடும் இடத்தில் செருகும் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

நல்லூரான்:

பிரிக் கேம் என்றதும் எழுத வந்தேன். நான் சிறுவனாக இருந்த யுத்த காலத்தில் எங்கட யாழ்ப்பாணப் பக்கம் பற்றரி கொண்டுவரத் தடை. மாமா கொழும்பிலிருந்து ஒரு பிரிக் கேமைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார், அதற்குள் போடுகிற இரண்டு பற்றரிக்குத்தான் வழியில்லை. ரேடியோவுக்கு வைத்திருந்த பழைய பற்றரியை வெயிலில் காயவைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் உயிர் வரும். திரை மங்கத் தொடங்கினால் விழுகிற கட்டை எந்த வடிவம் என்றே தெரியாது, குத்துமதிப்பாய்த் திருப்புவோம். பெட்டியில் 9999 விளையாட்டு என்று போட்டிருந்தான், எண்ணிப் பார்த்தால் அதே சிலதுதான் வேகத்தை மாற்றி மாற்றி வரும்.

கேம் பாய் ஏன் வென்றது என்று பிற்பாடு வாசித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. 1989ல் அதை வடிவமைத்த நின்டெண்டோவின் குன்பெய் யோகோயியின் ஆட்கள் வேண்டுமென்றே பழைய, மலிவான கறுப்புவெள்ளைத் திரையைப் போட்டார்கள். நான்கு பற்றரியில் நாள் முழுக்க ஆடலாம். போட்டிக் கம்பெனியான சேகாவின் கேம் கியர் வண்ணத்திரையோடு வந்தது, ஆறு பற்றரியைச் சில மணி நேரத்திலேயே விழுங்கிவிடும். பற்றரிக்கு அலைந்தவனைக் கேட்டிருந்தால் எது வெல்லும் என்று அன்றைக்கே சொல்லியிருப்பான்.

டெட்ரிஸ் கேம் பாய்க் கேசட் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு லட்சம் புள்ளி தாண்டினால் முடிவில் ஒரு சின்ன ராக்கெட் கிளம்பும். அதைப் பார்க்கவே ஆடலாம்.

செங்கல்பட்டு_ஃபாஸ்ட்:

அனைவருக்கும் நன்றி. பித்தன் அண்ணா, கேசட்டில் 'கிர்பி: நைட்மேர் இன் ட்ரீம் லேண்ட்' என்று இருக்கிறது. நேற்று வண்டியில் ஆடிப் பார்த்தேன். எதிரியை உறிஞ்சிவிட்டு வாயிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறான், அப்புறம் துப்பிவிடுகிறான். இவ்வளவுதானா?

இன்னொரு சந்தேகம். ஆன்லைனில் அட்வான்ஸ் வார்ஸ் கேசட் ஒன்று மலிவாகப் பார்த்தேன். இதில் டூப்ளிகேட் உண்டா?

பொத்தான்_பித்தன்:

துப்பாதீர்கள், கீழ் அம்புக்குறியை அழுத்தி விழுங்குங்கள். வாள்காரனை விழுங்கினால் கையில் வாள் வரும், நெருப்பை விழுங்கினால் நெருப்பு வரும். அடி வாங்கினால் அந்தச் சக்தி நட்சத்திரமாக வெளியே துள்ளி ஓடும். மறைவதற்குள் துரத்திப் பிடித்து மறுபடி விழுங்க வேண்டும். அப்போதுதான் கேமே தொடங்குகிறது. 1993ல் டிவியில் ஆடும் பெட்டிக்கு வந்த கிர்பியின் சாகசத்தை 2002ல் கேம் பாய் அட்வான்ஸுக்கு மாற்றிச் செய்ததுதான் இது. ஒவ்வொரு ஸ்டேஜும் சின்னது, முடித்ததும் அதுவே சேவ் செய்துகொள்ளும். கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்தால் தாம்பரத்துக்குள் ஒன்றிரண்டு தேறும். உங்கள் சித்தப்பா மகன் தெரியாமலேயே சரியான கேசட்டைக் கொடுத்திருக்கிறார்.

டூப்ளிகேட் தாராளமாக உண்டு. படத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரிஜினல் கேசட்டின் லேபிளில் இரண்டு எண்கள் மையில்லாமல் அழுத்தி முத்திரை குத்தியிருக்கும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளமாகத் தெரியும். அடுத்து, கேசட்டைச் செருகும் பக்கம் தங்கநிறக் கம்பிகளுக்கு மேலே பச்சைப் பலகையில் நின்டெண்டோ என்று பொடியாக அச்சாகியிருக்கும். விற்பவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். டூப்ளிகேட்டும் ஓடும், ஆனால் ஒரு நாள் சேவ் காணாமல் போகும். எனக்கு ஒரு கடையில் அப்படி ஒன்றை ஒரிஜினல் விலைக்கே தலையில் கட்டினார்கள்.

எஸ்பியின் திரைக்குக் கீழே நடுவில் வெளிச்சப் பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். வெளிச்சம் முழுக்க அணைந்தால் பழைய மாடல். அணையாமல் கூடிக் குறைந்தால் 2005ல் வந்த மாடல், திரை பளிச்சென்று இருக்கும், அதற்குக் கிராக்கி அதிகம்.

தனி_ஆவர்த்தனம், படப்பானை நான் குறை சொல்லவே இல்லையே. பிஎஸ்பியின் பக்கவாட்டு ஸ்விட்சை மேலே தள்ளினால் உடனே தூங்கிவிடும், என் கணக்கில் அது பாஸ். ஆனால் தூங்கி எழுந்ததும் தாளம் எங்கே விட்டது என்று யார் சொல்வது?

தனி_ஆவர்த்தனம்:

தாளம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஒரு நாள் திருச்சிப் பக்கம் வாருங்கள் அண்ணா, தம்பியையும் உட்கார வைக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஸ்டேஜைத் தாண்டுங்கள் பார்ப்போம்.