பொருள்: டயர்க் காற்றைச் சொல்லும் கருவிக்கு என்ன பெயர் வைப்பது?

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். மணலிலும் பாறைத் தடத்திலும் ஓட்டுகிற பிக்கப் வண்டிகளில், பிறகு வாங்கி மாட்டுகிற டி.பி.எம்.எஸ்., அதாவது டயர் அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் கருவி பற்றியது. டயருக்கு ஒன்றாக, வால்வு மூடி அளவில் சின்ன உணரி. அது காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் வானொலி அலையில் அனுப்பும். ஓட்டுநர் முன்னால் இருக்கிற திரை அதைக் காட்டும். நாம் வைத்த அளவுக்குக் கீழே அழுத்தம் போனால் கத்தும்.

‘டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு’ என்று முதலில் எழுதினேன். கையேட்டுக்கு அது போதும். ஆனால் அதே பெயர் திரையிலும் வர வேண்டும், அங்கே ஒரு வரிக்கு 14 எழுத்துதான் இடம். இதுவோ இடைவெளியோடு 21. ‘அழுத்தக் கண்காணி’ என்றோ ‘டி.அ.க.அ.’ என்றோ சுருக்கலாம் என்கிறார்கள். படிக்கிறவருக்கு அந்த நாலு எழுத்து ஒன்றுமே சொல்லாதே என்று எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று. வண்டியோடு வராமல், பிறகு வெளியில் வாங்கி மாட்டுவதற்குப் பழைய வரைவில் ‘பின்சந்தை’ என்று போட்டிருக்கிறார்கள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற தெரு என்றுதான் எனக்குக் கேட்கிறது. உதவுங்கள்.

அனுப்புநர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அம்மா,

‘டயர்’ என்று தொடங்குகிற இடத்திலேயே எனக்கு இடறுகிறது. டகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலில் வராது. நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? சக்கர விளிம்பைச் சுற்றிய பகுதிக்குச் ‘சூட்டு’ என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியைச் சொல்லும்போது ‘கொழுஞ்சூட்டு’ என்றே வருகிறது. ஆங்கிலத்தில் டயர் என்பதும் உடுத்துவது, அணிவது என்ற பொருளுடைய பழைய சொல்லின் குறுக்கம் என்பார்கள். சக்கரத்துக்கு உடுத்தியது டயர், சக்கரத்துக்குச் சூட்டியது சூட்டு. இரண்டு மொழியும் ஒரே எண்ணத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

காட்டுப் பாதை வண்டி என்றதும் புறநானூற்று 102ஆம் பாட்டும் நினைவுக்கு வந்தது. ஔவையார் பாடியது. காளைகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பண்டம் அதிகம். ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’ என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று உமணர், அதாவது உப்பு வணிகர், கீழ்மரத்தில் ஒரு சேம அச்சை, ஆபத்துக்கு உதவும் மாற்று அச்சை, கட்டி வைத்திருப்பார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிற வண்டிக்கு இதைவிட நல்ல வரி எங்கே இருக்கிறது?

என் முன்மொழிவு: சூட்டழுத்தக் காணி.

அனுப்புநர்: பணிமனைக்காரர்

அக்கா, வணக்கம். ஐயா, உங்கள் பாட்டைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் ‘சூட்டழுத்தம்’ மட்டும் வேண்டாம். சூட்டில் இருக்கிற அழுத்தம் என்றுதான் எங்கள் ஆட்கள் படிப்பார்கள், அது நிஜமாகவே வேறு ஒரு கணக்கு. காலையில் வண்டி நகரும் முன் 35 பி.எஸ்.ஐ. வைத்தால், ஓடிச் சூடான பிறகு 38, 39 என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து கொஞ்சம் திறந்துவிட்டால், டயர் ஆறியதும் 31, 32தான் இருக்கும். இந்தக் குழப்பத்தைக் கருவியின் பெயரிலேயே வைக்கக் கூடாது.

மாட்டுகிற விதத்தையும் சொல்கிறேன், கையேட்டில் வரட்டும். ரப்பர்க் கழுத்து வால்வில் இந்த மூடியை அப்படியே திருகக் கூடாது. சக்கரம் சுழலச் சுழல அதன் எடை கழுத்தை இழுத்து, அடியில் வெடிப்பு விடும். பித்தளைக் கழுத்தாக மாற்றிவிட்டுத்தான் மாட்டுவேன். அப்புறம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். குமிழி ஒவ்வொன்றாக மெல்ல ஊதி வந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். இந்த மூடி வால்வுக்குள் இருக்கிற ஊசியை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அளக்கிறது. பாறையில் இடித்து மூடி உடைந்தால் காற்று அந்த வழியாகவே போய்விடும். பாறைத் தடத்துக்கே போகிற வண்டி என்றால், டயரைக் கழற்றி உள்ளே வைக்கிற வகைதான் நல்லது.

பெயர் எனக்குத் தெரியாது. போன வாரம் வண்டி கொண்டுவந்த ஓர் அம்மா, ‘அந்தக் காத்து சொல்றது ஒண்ணு மாட்டிக் கொடுங்க’ என்றார். எனக்கு உடனே புரிந்தது.

அனுப்புநர்: மலேசிய உறுப்பினர்

எல்லாருடைய மடலையும் படித்தேன். ‘கண்காணி’ வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கண்காணிப்பு என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு பொருளுக்கோ ஆளுக்கோ ‘கண்காணி’ என்று பெயர் வைக்கும்போதுதான் எங்கள் காதில் ரப்பர்த் தோட்டத்துக் கூலியாட்களை மேய்த்த கங்காணி கேட்கிறது. அந்தக் கங்காணி இந்தக் கண்காணியிலிருந்து வந்தவர்தான். ஊரிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்ததும் அவர். விடியுமுன் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகும் முன் ஆட்களை நிறுத்தும் வரிசையில், ஆள் எண்ணியதும் அவர். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதற்குத் தடை போடும் வரை அந்த முறை நடந்தது. என் பாட்டி பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். அந்த ரப்பர் எங்கே போயிற்று? டயருக்குத்தான். அந்த டயரின் மேல் ‘அழுத்தக் கண்காணி’ என்று எழுதி மாட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இது இலக்கணக் காரணம் இல்லை என்று தெரியும். ஆனாலும் காரணம்தான்.

அனுப்புநர்: பொறியியல் விரிவுரையாளர்

கண்காணியை விட்டுவிடலாம், உடன்படுகிறேன். ஆனால் ‘காத்து சொல்றது’ என்ற திசையில் போவதற்கு முன் ஒன்று. காற்று வேறு, அழுத்தம் வேறு. மேலே சொன்ன 35, 39 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டயருக்குள் ஒரு துளிக் காற்றும் கூடவில்லை, சூடுதான் கூடியது. 10 டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிவிடும். உணரி அளப்பது அழுத்தத்தை. அதைக் ‘காற்று’ என்று மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தால் பிறகு நான்தான் திருத்த வேண்டியிருக்கும். சிலர் நைட்ரஜன் அடிக்கிறார்கள், அதற்கு என்ன சொல்வீர்கள்?

இன்னொரு வகையும் உண்டு. டயரில் உணரியே இருக்காது. காற்றுக் குறைந்த டயரின் சுற்று கொஞ்சம் சிறுத்துவிடுவதால் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கிற உணரிகளைக் கொண்டு அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பார்கள். நான்கிலும் ஒன்றுபோலக் குறைந்தால் அதற்கு எளிதில் பிடிபடாது. நாம் வைக்கிற பெயர் இதையும் தாங்க வேண்டும். ‘அழுத்தங்காட்டி’ என்பது என் பரிந்துரை.

அனுப்புநர்: பணிமனைக்காரர்

சார், டயரில் காற்று எவ்வளவு என்று யார் கேட்டாலும் முப்பத்தஞ்சு என்றுதான் பதில் வரும். எத்தனை லிட்டர் என்று யாரும் சொல்வதில்லை. டயர் என்று வந்துவிட்டால் எங்கள் பேச்சில் காற்று என்றாலே அழுத்தம்தான். காற்றுப் பிடிக்கிறோம், காற்றுப் பார்க்கிறோம். நைட்ரஜன் அடித்த வண்டிக்காரரும் ‘காத்து இறங்கிடுச்சு’ என்றுதான் வந்து நிற்கிறார்.

எனக்குப் பெயரைவிடக் கவலை அந்த எச்சரிக்கை வாசகம். மணலில் போகும்போது டயரை அகலப்படுத்த 35இலிருந்து 18 வரை நாமே இறக்குவோம். எச்சரிக்கை அளவு 27இல் இருந்தால் மணல் முடியும் வரை கத்திக்கொண்டே வரும். தாங்காமல் அணைத்துவிடுவார்கள். அப்புறம் திரும்பத் தார்ச்சாலையில் ஏறும்போது காற்றும் பிடிப்பதில்லை, கருவியையும் போடுவதில்லை. 18இல் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகிப் பிய்ந்துவிடும். என்னிடம் வருகிற டயர்களில் இப்படிப் போனவை நிறைய. பக்கச்சுவரின் உள்பக்கம் கையை விட்டால் ரப்பர் பொடிப் பொடியாக வரும்.

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

தம்பி, உங்கள் மடலைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூலத்தில் எல்லா இடத்திலும் ‘குறைந்த அழுத்தம்’ என்ற ஒரே எச்சரிக்கைதான். ஆணி குத்தி இறங்கினாலும் அதே சொல், நாமே இறக்கினாலும் அதே சொல். தமிழில் இந்த இரண்டும் ஏற்கெனவே பிரிந்து நிற்கின்றன. காற்று இறங்கியது. காற்றை இறக்கினேன். ங்கு போய் க்கு வந்ததும் செய்தவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. தன்வினை பிறவினை என்று பள்ளியில் படித்தது இவ்வளவு வேலை செய்யும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அதனால் திரையில் மூன்று வாசகம் வைக்கக் கேட்டிருக்கிறேன். வைத்த அளவுக்குக் கீழே இருந்தால் ‘காற்றுக் குறைவு’. வேகமாகக் கசிந்தால் ‘காற்று இறங்குகிறது’, இதற்கு மட்டும் பெரிய சத்தம். ஓட்டுநர் மணலுக்காக அளவைத் தாழ்த்தி வைத்துக்கொண்டால், அது முடியும் வரை ஓரத்தில் ‘இறக்கிய நிலை’ என்று நின்றுகொண்டே இருக்கும். மூன்றும் 14 எழுத்துக்குள் அடங்குகின்றன. கருவியில் இதற்கு வசதி உண்டா என்று கேட்டேன். அளவை மாற்றலாம், வாசகமும் மாற்றலாம் என்று பதில் வந்துவிட்டது.

பெயருக்கு அந்த அம்மா சொன்னதையே எடுத்துக்கொள்ளலாமா? காற்றுச்சொல்லி. கதைசொல்லி இருக்கிறது, கோள்சொல்லி இருக்கிறது. டயரில் உணரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்வதுதானே இதன் வேலை? சக்கரத்தில் இருப்பதைக் காற்றுணரி என்று தனியாகச் சொல்லிவிடலாம். ‘டயர்க் காற்றுச்சொல்லி’ 12 எழுத்து.

அனுப்புநர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அம்மா, இறங்கு, இறக்கு பற்றி நீங்கள் எழுதியது என் மனதைத் தொட்டது. முப்பது ஆண்டு இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ‘உருண்டான், உருட்டினான்’ என்பதைத் தாண்டி ஓர் எடுத்துக்காட்டு தோன்றியதில்லை.

ஆனால் ‘சொல்லி’ எனக்கு ஒப்பவில்லை. கோள்சொல்லி என்பதில் இருக்கிற தாழ்ச்சி இதிலும் ஒட்டும். காற்று என்பதைவிட வளி செறிவானது. கரிகாலன் மரபைப் பாடும் புறநானூற்று 66ஆம் பாட்டு ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறது. காற்றை வேலை வாங்கியவன் என்று பொருள். டயரில் நாம் செய்வதும் அதுதானே? வளியுணர்த்தி என்று வைத்துப் பாருங்கள்.

ஒற்றுப் பற்றியும் ஒரு வார்த்தை. கதைசொல்லியில் ஒற்று மிகவில்லை, இங்கே ஏன் மிகுகிறது என்று கேட்பார்கள். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பார்த்தால் மிக வேண்டாம். ஆனால் காற்று வன்றொடர்க் குற்றியலுகரம், பாட்டுப் பாடினான் என்பது போல. ஒற்றோடு எழுதுவதே என் கட்சி.

அனுப்புநர்: பொறியியல் விரிவுரையாளர்

ஒற்று இல்லாமல் எழுதினால் படிக்க இலகு. மற்றபடி எனக்கு இன்னும் அழுத்தங்காட்டிதான். ஆனால் வெள்ளிக்கிழமை நாளைதான் என்பதால் தடுக்கவில்லை. முதல் பக்கத்தில் ‘இந்தக் கையேட்டில் காற்று என்பது காற்றழுத்தத்தைக் குறிக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அனுப்புநர்: மலேசிய உறுப்பினர்

காற்றுச்சொல்லிக்கு என் ஆதரவு. ஒற்று இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அனுப்புநர்: பணிமனைக்காரர்

எனக்கும் அதுவே. ‘பின்சந்தை’க்கு நாங்கள் சொல்வது வெளி ஃபிட்டிங். வண்டியோடு வந்தால் கம்பெனி ஃபிட்டிங்.

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

எழுத்தில் ‘பின்பொருத்து’ என்று வைத்து, முதல் முறை வருமிடத்தில் வெளி ஃபிட்டிங் என்பதையும் சேர்த்திருக்கிறேன். ‘டயர்க் காற்றுச்சொல்லி’ ஒற்றோடு போகிறது. காற்று பற்றிய அந்த ஒரு வரியும் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஐயாவின் ‘வளியுணர்த்தி’யையும் சார் சொன்ன ‘அழுத்தங்காட்டி’யையும் நம் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுச் சொற்களாகக் குறித்துவிட்டேன். கோப்பை இன்று இரவு அனுப்பிவிடுவேன். எல்லாருக்கும் நன்றி.

அனுப்புநர்: பணிமனைக்காரர்

அக்கா, அனுப்பும் முன் ஒன்று. பெட்டியில் ஐந்து உணரி வருகிறது. ஐந்தாவது ஸ்டெப்னிக்கு. அதைத்தான் யாரும் பார்க்க மாட்டார்கள், வேண்டும்போது எடுத்தால் அதில் காற்றே இருக்காது. திரையில் அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

அனுப்புநர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

தம்பி, ஔவையார் சொன்ன சேம அச்சுதான் அது. ‘சேம டயர்’ என்று போடச் சொல்லுங்கள். டகரத்தை இந்த ஓர் இடத்தில் நான் கேட்கவில்லை.

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

‘சேம டயர்’ என்றே மாற்றிவிட்டேன், ஐயா. பக்கம் 9, படம் 5.

அனுப்புநர்: பணிமனைக்காரர்

அடைப்புக்குறியில் ஸ்டெப்னி என்றும் போட்டுவிடுங்கள் அக்கா. பையன்கள் தேடுவார்கள்.