49 அங்குல மானிட்டரில் பாதியில் மட்டும் கேம் ஃபுல்ஸ்கிரீனில் ஓட வேண்டும். வழி உண்டா?

அரைத்திரை:
வணக்கம். போன மாதம் 49 அங்குல அல்ட்ராவைட் ஒன்று வாங்கினேன், 5120×1440. பகலில் ஆபீஸ் வேலை, இரவில் கேம். வேலைக்கு ஒரு குறையும் இல்லை. எக்செல், பிரவுசர், மெயில் என்று பாய் விரித்த மாதிரி பரப்பி வைத்துக்கொள்கிறேன். இரவில்தான் வம்பு. எல்டன் ரிங் இடது பாதியில் ஓட வேண்டும், வலது பாதியில் கேமின் வரைபடமும் கிரிக்கெட் ஸ்கோரும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் ஃபுல்ஸ்கிரீன் போட்டால் படம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அந்தக் கறுப்பில் எதையும் வைக்க முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய இடம் இருட்டாகக் கிடக்கிறது.

மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் விண்டோக்களைக் கட்டம் கட்டி ஒட்டவைக்கும் ஃபேன்சிசோன்ஸ் போட்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். மற்ற விண்டோக்கள் எல்லாம் சமர்த்தாகப் போய் ஒட்டுகின்றன, கேம் மட்டும் கோட்டை மதிப்பதில்லை. கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் 2560×1440 என்று மாற்றினால் மொத்த டெஸ்க்டாப்பும் சுருங்கிவிடுகிறது. விண்டோஸ் 11, ஆர்டிஎக்ஸ் 3060, இன்டெல் ஐ5 12400எஃப்.

சுண்டல்:
ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தீர்களா ப்ரோ? ஃபேன்சிசோன்ஸில் அப்படி இழுத்தால்தான் ஒட்டும்.

அரைத்திரை:
தெரியும் ப்ரோ. ஃபுல்ஸ்கிரீன் கேமில் மேல்பட்டையே இல்லையே, எதைப் பிடித்து இழுப்பது?

கேபிள்காரர்:
தம்பி, ஃபேன்சிசோன்ஸ் மேல் தப்பில்லை. அது திரையைப் பிரிப்பதே இல்லை. தரையில் சாக்பீஸால் கட்டம் போடுகிற வேலைதான் அது. விண்டோக்கள் கட்டத்தைப் பார்த்து நிற்கும். ஃபுல்ஸ்கிரீனில் போகிற கேம் கட்டத்தைப் பார்க்காது, மானிட்டர் எத்தனை, அகலம் என்ன என்று விண்டோஸிடம் கேட்கும். ஒரே மானிட்டர், 5120 என்று பதில் வந்தால் முழுவதையும் சுருட்டிக்கொள்ளும். டிஸ்ப்ளேஃப்யூஷன் மாதிரி மென்பொருள்களில் மானிட்டரைப் பிரிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதுவும் விண்டோக்களுக்குத்தான்.

அதனால் ஒன்று, மானிட்டரே தன்னை இரண்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கேம் ஃபுல்ஸ்கிரீனை விட்டு இறங்கி வர வேண்டும். உங்களுக்கு முதல் வழியே போதும். மானிட்டர் மெனுவில் பிக்சர் பை பிக்சர், சுருக்கமாக பி.பி.பி., இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது மாதிரி 32:9 (அகலம்:உயரம்) மானிட்டர் என்பது இரண்டு 27 அங்குல 16:9 திரையை ஒட்டி வைத்ததுதான். கணினியிலிருந்து இரண்டு வயர் போக வேண்டும், ஒன்று டிஸ்ப்ளே போர்ட், இன்னொன்று எச்டிஎம்ஐ. பி.பி.பி.யைப் போட்டதும் விண்டோஸ் ஆளுக்கு 2560×1440 என்று இரண்டு மானிட்டரைப் பார்க்கும். கேம் ஒன்றோடு நின்றுவிடும்.

இதில் நஷ்டமும் உண்டு. பல மானிட்டர்களில் பி.பி.பி. போட்டதும் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது, 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், புதிய சில மாடல்களில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஒளி, நிறத்தைக் கூட்டிக்காட்டும் எச்டிஆர், மானிட்டர் வேகத்தைக் கேமின் ஃப்ரேமோடு ஒத்துப்போக வைக்கும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் எல்லாம் அணைந்துபோவதும் வழக்கம். ஆனால் எல்டன் ரிங் எப்படியும் 60 ஃப்ரேமைத் தாண்டாது, 16:9க்கு மேல் விரியவும் செய்யாது. உங்கள் கறுப்புப் பட்டை வந்ததே அதனால்தான். இந்தக் கேமுக்கு நீங்கள் இழப்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

தோசைக்கல்:
இதற்குத்தான் நான் அன்றைக்கே இரண்டு 27 வாங்கினேன். விலையும் குறைவு. யார் கேட்கிறார்கள்.

அரைத்திரை:
வாங்கியாயிற்று அண்ணா, இனிமேல் என்ன செய்வது.

கேபிள்காரர் அண்ணா, பி.பி.பி. இருக்கிறது, போட்டேன். இடது பாதி வந்தது. வலது பாதியில் சிக்னல் இல்லை என்று நீலத்தில் எழுதி மிதந்துகொண்டிருக்கிறது. செட்டாப் பாக்ஸில் கிடந்த எச்டிஎம்ஐ வயரைத்தான் போட்டேன். வயர் போயிருக்குமோ?

கேபிள்காரர்:
வயரை அப்புறம் பார்ப்போம். பின்பக்கம் எந்தத் துளையில் சொருகினீர்கள்? மேலே யுஎஸ்பி, லேன் பக்கத்தில் செங்குத்தாக இருப்பதிலா, கீழே கிராஃபிக்ஸ் கார்டில் படுக்கையாக இருப்பதிலா?

அரைத்திரை:
மேலே. அதுதான் கைக்கு எட்டியது.

கேபிள்காரர்:
சரிதான். அது மதர்போர்டின் துளை. பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் அதில் படம் வரும். உங்கள் பிராசஸர் பெயர் எஃப் என்று முடிகிறதே, அந்த எஃப் சொல்வதே உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்பதைத்தான். இரண்டு வயரும் கார்டிலேயே இருக்கட்டும். வயர் பழசு என்றாலும் 1440க்கு 60 ஹெர்ட்ஸை அநேகமாகத் தாங்கிவிடும்.

அரைத்திரை:
வந்துவிட்டது! ஆனால் ஒன்று போய் மூன்று வந்திருக்கிறது. இடது பக்கம் எழுத்தெல்லாம் பட்டினி கிடந்த மாதிரி ஒல்லியாக இருக்கிறது. மவுஸை வலது பக்கம் தள்ளினால் நடுவில் சுவரில் முட்டி நிற்கிறது, இடது ஓரத்தில் இடித்தால் வலது பாதியில் போய் முளைக்கிறது. அப்புறம் சத்தம் சுத்தமாக இல்லை, ஹெட்ஃபோன் மானிட்டரில்தான் சொருகியிருக்கிறேன்.

கேபிள்காரர்:
ஒல்லி எழுத்துக்குக் காரணம், அந்தப் பாதி இன்னும் 5120 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பாதி அகலத்தில் பிழிந்து காட்டுகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டுக்கும் தனித்தனியாக 2560×1440 வையுங்கள். அதே பக்கத்தில் 1, 2 என்று இரண்டு பெட்டி தெரியும். அவை இடம் மாறி நிற்கின்றன, இழுத்து மாற்றிவிட்டால் மவுஸ் நேர்வழிக்கு வரும். சத்தம் கொஞ்சம் குழப்பம். மானிட்டர் ஒரு நேரத்தில் ஒரு வயரின் சத்தத்தைத்தான் வெளியே விடும். எந்த வயர் என்பதை மானிட்டர் மெனுவில் பி.பி.பி. பக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸின் சவுண்ட் அவுட்புட்டிலும் இப்போது இரண்டு பெயர் இருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே வயரைக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வந்து கேட்பீர்கள். கேமுக்குள் ஃபுல்ஸ்கிரீன் வைக்காதீர்கள், பார்டர்லெஸ் விண்டோ, அதாவது சட்டம் இல்லாத விண்டோ, வையுங்கள். ஃபுல்ஸ்கிரீனில் விட்டால் ஸ்கோர் பார்க்க வலது பாதியில் கிளிக் செய்ததும் கேம் மினிமைஸ் ஆகிவிடும். பார்டர்லெஸ் என்றால் நின்ற இடத்தில் நிற்கும். இப்போது மானிட்டரே பாதி என்பதால் அந்தப் பாதியைத்தான் நிரப்பும்.

கோழிக்கூண்டு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 34 அங்குலம், 3440×1440. பி.பி.பி. போட்டால் 1720 ஆக வெட்டுகிறது, கேம் ஏதோ சந்துக்குள் நடப்பது போல இருக்கிறது. 144 ஹெர்ட்ஸையும் விட மனமில்லை, ஆடுவது ஷூட்டிங் கேம். எனக்கு என்ன வழி?

கேபிள்காரர்:
உங்களுக்கு பி.பி.பி. வேண்டாம், இரண்டாவது வழிதான். கேமை விண்டோ மோடில் 2560×1440 வைத்து இடது ஓரத்தில் ஒட்டுங்கள். மிச்சம் 880 பிக்சல், ஃபோனை நிமிர்த்திப் பிடித்த மாதிரி ஒரு பத்தி. ஆடுபவர்கள் அரட்டைக்கு வைத்துக்கொள்ளும் டிஸ்கார்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். கார்டுக்கும் லாபம், 49.5 லட்சம் பிக்சல் வரைகிற இடத்தில் 36.9 லட்சம் வரைந்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல். சாதாரண விண்டோ மோடில் மேல்பட்டை ஒன்று வரும், ஏறக்குறைய 30 பிக்சல். கேமுக்கே 1440 வேண்டும், திரையின் உயரமும் 1440. மேல்பட்டை எடுத்துக்கொண்ட அளவுக்குக் கேமின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். தோட்டா எண்ணிக்கை பல கேம்களில் அங்கேதான் இருக்கிறது. அதனால் பட்டையைக் கழற்ற வேண்டும். சில கேம்களுக்கு ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷனிலேயே அகலம், உயரம், பார்டர் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம். மற்றவற்றுக்கு பார்டர்லெஸ் கேமிங் என்று ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. அது விண்டோவின் சட்டத்தை வெளியிலிருந்து கழற்றுவதோடு சரி. கேமுக்குள்ளேயே புகுந்து எதையாவது மாற்றுகிற கருவிகளை ஆன்லைன் கேமில் தொடவே தொடாதீர்கள், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் பார்த்தால் உங்கள் கேம் கணக்கு போய்விடும். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்துவிடுங்கள்.

விண்டோவில் ஆடினால் கேம் தாமதமாகும் என்ற பயம் முன்பு நியாயம்தான். விண்டோஸ் 11இல் 22எச்2 பதிப்பு முதல் டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் பக்கத்தில் விண்டோ கேம்களுக்கான ஆப்டிமைசேஷன் என்று ஒரு சுவிட்ச் உண்டு. டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்களுக்கு அது நல்ல வித்தியாசம் காட்டும். ஜி-சிங்க் இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் விண்டோ மோடுக்கும் சேர்த்து ஆன் செய்யுங்கள்.

பெங்குவின்பக்தன்:
லினக்ஸில் கேம்ஸ்கோப் இருக்கிறது. வால்வ் செய்தது, ஸ்டீம் டெக்கில் ஓடுவதும் அதுதான். கேமுக்கு 2560×1440 என்று ஒரு பொய்த் திரையைக் காட்டும், கேமும் நம்பிவிடும். வயரும் வேண்டாம், பி.பி.பி.யும் வேண்டாம்.

சுண்டல்:
இவர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோழிக்கூண்டு:
நன்றி அண்ணா, பட்டை போய்விட்டது. மெனுவில் இருக்கும்போது மட்டும் மவுஸ் டிஸ்கார்டுக்குள் நழுவுகிறது.

கேபிள்காரர்:
கேம் செட்டிங்ஸில் கர்சரை விண்டோவுக்குள் பூட்டுவது என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அரைத்திரை:
நான்கு நாள் ஆகிறது, எல்லாம் ஓடுகிறது. வலது பாதியில் ஸ்கோர், இடது பாதியில் நான் செத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரே தொல்லை, காலையில் வேலைக்கு முழுத்திரை, இரவில் பி.பி.பி. என்று மாற்றும்போதெல்லாம் டெஸ்க்டாப் ஐகான்கள் இடது மூலையில் மூட்டையாகக் குவிந்துவிடுகின்றன. மானிட்டருக்கு அடியில் அந்தக் குட்டி ஜாய்ஸ்டிக்கைத் தடவிக்கொண்டிருப்பதும் தனி வேலை.

கேபிள்காரர்:
ஏன் மாற்றுகிறீர்கள்? வேலைக்கும் பி.பி.பி.யிலேயே விடுங்கள். மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது முழு 5120ஐயும் காட்டினால் எதிரில் லேப்டாப்பில் இருப்பவருக்கு எழுத்து எறும்பு சைஸில் தெரியும். பி.பி.பி.யில் ஒரு பாதியை மட்டும் ஷேர் செய்யலாம்.

அரைத்திரை:
அடடா. மேனேஜர் இரண்டு வாரமாக "கொஞ்சம் ஜூம் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தானா. சரி, ஜாய்ஸ்டிக்கை இனி தொடப் போவதில்லை.