சுருதிப்பெட்டிக்கு கிக்ஸ்டார்ட்டர்: மோல்டிங்காரர் 1000 கேட்கிறார், வாங்க 300 பேர்தான். இலக்கை எவ்வளவு வைப்பது?

ஐந்துகட்டை:
கையடக்க எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. உள்ளே இஎஸ்பி32 மாட்யூல் (ப்ளூடூத் உள்ள சின்னக் கணினிப் பலகை), ஆம்ப், 3 வாட் ஸ்பீக்கர், ஒரு 18650 செல் (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி). மேலே இரண்டு திருகு குமிழ். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடாவில் பாட்டு வகுப்பு நடத்துகிறவர்கள், மாணவர்கள். இந்தியாவிலிருந்து கிக்ஸ்டார்ட்டரில் (பொருளைச் செய்வதற்கு முன்பே வாங்குகிறவர்களிடம் பணம் திரட்டும் இணையதளம்) பிரச்சாரம் தொடங்க முடியாது என்பதால் நியூஜெர்சிக் கூட்டாளியின் கம்பெனி பெயரில் போடுகிறோம்.

கோவையில் வாங்கிய விலைகளை டாலருக்கு மாற்றித் தருகிறேன். பிளாஸ்டிக் பெட்டியின் மேல்மூடியும் கீழ்மூடியும் ஒரே டையில் (உருக்கிய பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு), டை விலை 6,000. ஒரு ஓட்டத்துக்கு 1000 செட்டுக்குக் குறைந்தால் டை ஏற்ற மாட்டேன் என்கிறார் மோல்டிங்காரர். கூலியைக் கூட்டிக் கொடுத்தால் 300 செய்யலாம் என்று இறங்கி வந்தார். 1000 செய்தால் எல்லாம் சேர்த்துப் பெட்டி ஒன்றுக்கு 31, 300 செய்தால் 44. விற்கும் விலை 89, தபால் செலவு தனி. 300 பேர் வருவார்கள் என்று நம்புகிறோம். இலக்கை 10,000 என்று வை, இரண்டு நாளில் நிரம்பினால் கூட்டம் தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
வைக்காதீர்கள். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொட்டால்தான் பணம். தொட்டுவிட்டால் பொருளைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே இலக்கு என்பது "இதற்குக் கீழே வந்தால் பணமே வேண்டாம்" என்கிற தொகை. விளம்பரத்துக்காகக் குறைத்துப் போடுகிற எண் அல்ல.

89-இல் கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம், கார்டு கட்டணம் 3 சதவீதமும் 20 சென்டும், ஆக 7.32 போகிறது. பழுதுக்கு மாற்றுப் பெட்டி, வழியில் உடைவது, கடைசியில் கார்டு மறுக்கப்படுவது எல்லாவற்றுக்கும் 4.70 ஒதுக்கினால் கையில் நிற்பது 77.

எத்தனை செய்தாலும் மாறாத செலவு: டை 6,000. எஃப்சிசி (மின்காந்தக் கசிவு விதிகளைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பு), கனடா சோதனைகளுக்கு 5,000 வையுங்கள் (சான்று பெற்ற மாட்யூலைப் போட்டாலும் முழுப் பெட்டியின் மின்காந்தக் கசிவுச் சோதனை உண்டு). டெஸ்ட் ஜிக் (போர்டைச் சோதிக்கும் சாதனம்), ஸ்டென்சில் (போர்டில் ஈயப் பசை பூசும் தகடு) 1,500. முதலில் செய்து பார்க்கும் 20 பெட்டிக்கு 1,500. மொத்தம் 14,000. டை தவிர மற்றவை நான் போட்ட எண்கள், உங்கள் விலைப்புள்ளியைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இலக்கு 10,000 என்றால் 113 பேரோடு நிரம்பிவிடும். 113 × 77 = 8,701. ஒரு பெட்டி செய்வதற்கு முன்பே 5,300 கடன்.

300 பேர் வந்து 300 பெட்டி செய்தால் வரவு 23,100, செலவு 14,000 + 13,200 = 27,200. இன்னும் 4,100 துண்டு விழுகிறது. சரி, 1000-ஆகவே செய்வோம் என்றால் செலவு 45,000. பற்றாக்குறை 21,900, அது 700 பெட்டிகளாக உங்கள் வீட்டு மாடியில் அடுக்கியிருக்கும். "ஒன்றுக்கு 13 டாலர் மிச்சம்" என்று மோல்டிங்காரர் காட்டுவது இந்த 700 விற்ற பிறகுதான் மிச்சம்.

1000 பெட்டிக்கும் ஆதரவாளர் பணமே போதும் என்ற நிலைக்கு 585 பேர் வேண்டும், அதாவது இலக்கு 52,000. அத்தனை பேர் வரமாட்டார்கள் என்றால் மாற்ற வேண்டியது இலக்கை அல்ல, செய்முறையை.

ரன்னர்கேட்:
மோல்டிங் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 1000 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பேரம் பேசலாம். டையை ஏற்றி, தண்ணீர்க் குழாய் மாட்டி, பிளாஸ்டிக் உருகும் பேரலில் இருக்கும் பழைய கலரைத் தள்ளி, முதல் 30, 40 ஷாட்டை (மெஷின் ஒரு முறை வார்ப்பது ஒரு ஷாட்) கழித்து, சரியான பீஸ் வர 3, 4 மணி நேரம் ஆகும். இரண்டு மூடியும் ஒரே ஷாட்டில் 40 நொடி என்று வைத்தால் 1000 செட்டுக்கு 11 மணி நேரம். 300 செட்டுக்கு 3 மணி 20 நிமிடம். ஓடுகிற நேரத்தைவிட செட்டிங் நேரம் அதிகம் என்பதால்தான் மாட்டேன் என்கிறார். "செட்டிங் 4 மணி நேர மெஷின் வாடகையைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அல்லது 1000-க்கு ஒரே ஆர்டர், மூன்று லாட்டாக ஒரு வருஷத்துக்குள் எடுப்பதாக எழுதிக் கொடுங்கள். எதுவானாலும் டை உங்கள் சொத்து என்று பில்லில் இருக்கட்டும்.

கலர் விஷயத்தில் ஜாக்கிரதை. பெட்டி 120 கிராம் என்றால் 25 கிலோ ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூட்டையில் 200 பெட்டி வரும், அது பிரச்சினை இல்லை. ஆனால் உங்களுக்கென்று அரக்குச் சிவப்பு மாஸ்டர்பேட்ச் (பிளாஸ்டிக்கில் கலக்கும் கலர் மணிகள்) செய்யச் சொன்னால் 25 கிலோவாவது வாங்கச் சொல்வார்கள். 2 சதவீதம் கலந்தால் அது 1,250 கிலோ பிளாஸ்டிக்குக் கலர் கொடுக்கும், அதாவது 10,000 பெட்டிக்கு மேல்! கடையில் ரெடியாக இருக்கும் கறுப்பு, வெள்ளையோடு நிறுத்துங்கள். "இவ்வளவு பணம் சேர்ந்தால் மூன்று கலர்" என்று நடுவில் அறிவிக்கவே வேண்டாம். 300 பேர் மூன்று கலராகப் பிரிந்தால் நூறு நூறு, ஒவ்வொன்றுக்கும் தனி செட்டிங்.

300 மட்டும்தான் என்றால் டையே வேண்டாம் என்பேன். 1.2 மி.மீ. அலுமினியத் தகட்டை லேசரில் வெட்டி வளைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை. சுருதிப்பெட்டிக்கு மரம் அழகுதான். இரண்டு இடத்தில் கவனம்: இஎஸ்பி32-இன் ஆன்டெனா முனை மரத்தின் பக்கம் இருக்க வேண்டும், தகட்டுக்குள் மூடினால் ப்ளூடூத் எட்டாது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஃபோம் டேப் ஒட்டாவிட்டால் கீழ் சட்ஜத்தில் பெட்டியே இரையும்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் மாறாச் செலவு 8,000-க்கு இறங்கும். பெட்டி விலை 52 ஆனாலும் ஒன்றுக்கு 25 நிற்கும். 320 பேர் போதும், இலக்கு 28,500. இது எட்டக்கூடிய எண்.

ஃபீடர்ஜாம்:
பிசிபி (பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் போர்டு) 100-க்கும் செய்வார்கள் என்பது உண்மை, ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கை பாகங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. 0603 அளவு ரெசிஸ்டர் ஒரு ரீலில் 5,000. அதை வெட்டி டேப்பாகவும் தருவார்கள், கவலை இல்லை. கேட்க வேண்டியவை ஸ்பீக்கர், குமிழுக்கு அடியில் இருந்து திருகலை அளக்கும் என்கோடர், வயரும் கனெக்டரும் வைத்த பேட்டரி பேக். உங்கள் நீளத்துக்கு வயர் கேட்ட நிமிடமே பேக்குக்கு 500, 1000 என்று ஆரம்பிப்பார்கள். அவர்களுடைய கேட்டலாகில் இருக்கிற நீளத்துக்கு போர்டில் கனெக்டரை நகர்த்துங்கள்.

அசெம்பிளிக்குச் சரியாக 300-க்கு எண்ணிக் கொடுக்காதீர்கள். சின்ன ரெசிஸ்டர், கெபாசிட்டருக்கு மெஷின் டேப்பை இழுத்துப் பிடிப்பதிலேயே 50 முதல் 100 போகும். ஐசிக்கு நான்கைந்து கூடுதல். "ரத்து இல்லை, திருப்பி எடுப்பதில்லை" என்று விற்பனையாளர் எழுதியிருக்கும் ஐசியைப் பிரச்சாரம் முடியும் முன் வாங்கக் கூடாது. 2021 தட்டுப்பாட்டில் சில மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு 52 வாரத்துக்கு மேல் தவணை சொன்னார்கள். ஆம்ப் ஐசிக்கு ஒரு மாற்று எண்ணை இப்போதே போர்டில் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

செல்லுக்கு யுஎன் 38.3 (லித்தியம் பேட்டரியை அனுப்பத் தேவையான பாதுகாப்புச் சோதனை) அறிக்கையை இப்போதே வாங்குங்கள். கூரியர் கேட்கும்போது தேடினால் 300 பெட்டியும் கிடங்கில் தூங்கும்.

மிச்சசரக்கு:
எல்லோரும் குறைந்தால் என்ன ஆகும் என்றே பேசுகிறீர்கள். கூடினாலும் ஆபத்துதான். 2012-இல் பெபிள் கைக்கடிகாரத்தின் இலக்கு 1,00,000 டாலர், 115 டாலர் விலைக்கு ஆயிரம் கடிகாரம்கூடத் தேறாது. வந்தவர்கள் 68,929 பேர். செப்டம்பரில் தருவதாகச் சொன்னது அடுத்த ஜனவரியில்தான் கிளம்பத் தொடங்கியது. ஆயிரத்துக்கு நினைத்த வழி அறுபதாயிரத்துக்கு உதவாது.

கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ்பெட்டி இன்னும் மோசம். 2013-இல் 1,25,000 இலக்கு வைத்து ஒரு லட்சத்துச் சொச்சத்தோடு தவறியது. 2014-இல் 50,000 என்று குறைத்து வைத்தார்கள், 62,642 பேர் 1.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். வாங்கிய விலை அடக்கத்துக்கே போதவில்லை. காத்திருந்தவர்கள் இருக்கும்போதே அமேசானில் கூடுதல் விலைக்கு விற்றுப் பணம் புரட்டப் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் மூடியபோது ஏறக்குறைய 20,000 பேருக்குப் பொருள் இல்லை. அடக்கத்தைத் தப்பாகப் போட்டால் கூட்டம் கூடக் கூட நஷ்டமும் கூடும்.

ஆகவே தகடு, மரம் வழியில் போனால் மொத்தம் 450 என்று உச்சவரம்பு வையுங்கள். ரிவார்டுக்கு (பணம் கொடுப்பவருக்குத் தரும் பொருள்) எண்ணிக்கை வரம்பு போட கிக்ஸ்டார்ட்டரில் வசதி இருக்கிறது. அதற்கு மேல் கேட்பவர்களுக்கு "இரண்டாம் லாட், ஆறு மாதம் தள்ளி" என்று தனி ரிவார்டு. 450-க்கு மேல் 600-க்குள் வந்து நிற்பதுதான் இக்கட்டு: கைவேலைக்கு அதிகம், டைக்குக் குறைவு.

ஐந்துகட்டை:
அலுமினியம், மரம், இலக்கு 28,500, உச்சவரம்பு 450 என்று முடிவு செய்கிறோம். அச்சடித்த அட்டைப்பெட்டிக்கும் 1000 கேட்கிறார்களே? பணம் எப்போது கைக்கு வரும், யாருக்கு எப்போது கொடுப்பது?

கணக்குப்பிள்ளை:
அட்டைப்பெட்டிக்கு பிரவுன் கலர் ரெடிமேட் அளவு எடுத்து, டிஜிட்டல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 400-க்கு ஆஃப்செட் தேவையில்லை. அளவு பார்த்து எடுங்கள்: கூரியர்காரர்கள் நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) வகுத்தல் 5000 என்று எடை போடுவார்கள். 25 × 20 × 10 பெட்டி தராசில் 600 கிராம் என்றாலும் பில்லில் 1 கிலோ.

பிரச்சாரம் முடிந்து 14 நாள் கழித்துத்தான் பணம் வரும். அசெம்பிளிக்கும் தகட்டுக்கும் 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு எடுக்கும்போது. ஆனால் முதல் 20-ஐ கையில் வாங்கி, ஒவ்வொன்றையும் 8 மணி நேரம் ஓடவிட்டு, செல் சூட்டையும் சுருதி விலகலையும் அளந்த பிறகே மீதி 300-க்குத் தகடு வெட்டச் சொல்லுங்கள்.

ரன்னர்கேட்:
மரத்தை மட்டும் முன்னாலேயே வாங்கி உலர வையுங்கள். ஈர மரத்தில் போட்ட திருகு குளிர்நாட்டு ஹீட்டர் அறையில் ஒரே மாதத்தில் தளர்ந்துவிடும்.