இடது கைக்காரர் மிருதங்கம் கற்க: வலது கைக்கு மாறித்தான் ஆகவேண்டுமா?

லயப்பித்து (கேள்வி)
வணக்கம். வயது 31, ஈரோடு. வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எல்லாமே இடது கைப் பழக்கம். "வலது கைக்கு மாறினால்தான் ஆரம்பிப்பேன்" என்கிறார். மாறத்தான் வேண்டுமா? வாத்தியம் 22 அங்குலமா 24-ஆ? அவர் புதுக்கோட்டை பாணியாம். ஆரம்பப் பாடத்திலேயே பாணி வித்தியாசம் தெரியுமா?

வலந்தலை
மாற வேண்டாம். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். அதுவும் உங்கள் ஆசிரியர் சொல்லும் அதே புதுக்கோட்டை வழியில் வந்தவர். இதை அவரிடமே பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

வாத்தியத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, அப்படியே திருப்பி வைத்தால் போதும். வலந்தலை (நடுவில் கருப்பு வட்டமான கரணை உள்ள பக்கம்) இடது கைக்கு வரும், தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் மறுபக்கம்) வலது கைக்கு. வலது கைக்காரர் வலது காலைச் சற்று நீட்டி உட்காருவார், நீங்கள் இடது காலை. ஆசிரியருக்கு எதிரே உட்காரும்போது உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு: கண்ணாடியில் பார்ப்பது போல, அவருடைய வலந்தலை இருக்கும் பக்கமே உங்கள் வலந்தலையும் இருக்கும். மற்ற பிள்ளைகள் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சிக்கல் மேடையில்தான். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். இடது கைக்காரர் வந்தால் இருவரும் இடம் மாற வேண்டும். வயலின்காரர் இடம் மாற விரும்பாவிட்டால் மனத்தாங்கல் வரும். அரங்கேற்றத்துக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது, இப்போது அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

முதல் பாடம் பெரும்பாலும் த தி தொம் நம். உங்களுக்கு இப்படி வரும்:
த: வலது கை விரல்கள் சேர்ந்து தொப்பியில், மூடிய ஒலி.
தி: இடது கை நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் கரணை நடுவில். அடித்ததும் எடுக்கக் கூடாது.
தொம்: தொப்பியில் திறந்த அடி, கை உடனே விலக வேண்டும்.
நம்: ஆட்காட்டி விரல் மீட்டில் (வலந்தலையின் வெளிவட்டத் தோலில்), மோதிர விரல் கரணை ஓரத்தைத் தொட்டும் தொடாமலும்.

முதல் மாதத்தில் எல்லோரும் சறுக்குவது இந்த நம்-மில்தான். மோதிர விரல் அழுத்தினால் ஒலி செத்துப்போகும், தூக்கினால் சுருதி இல்லாமல் வெறும் இரைச்சல். மெட்ரோனோம் 60-இல் வைத்து முதல் காலத்தில் (வேகத்தில்) துடிப்புக்கு ஒரு அடி, இரண்டாம் காலத்தில் 2, மூன்றாம் காலத்தில் 4. மூன்றாம் காலத்தில் தொம் மங்கினால் வேகத்தைக் குறையுங்கள். கையை ஓங்கி அடித்துச் சரிக்கட்டப் பார்த்தால் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும்.

கல்லும்புள்ளும்
அளவு பற்றி மட்டும். 24 அங்குலம் தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு, 1 முதல் 2 கட்டை (சுருதி அளவு) வரை. ஆண் குரல்களுக்குப் பெரும்பாலும் இதுதான். 22 அங்குலம் ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு, 4, 5 கட்டை. தனியாகப் பழகுவதற்கு 22 போதும், தூக்கவும் எளிது. பலாமரக் கட்டை நல்லது. வாங்கும்போது உள்ளே வெடிப்பு, புழு ஓட்டை, மெழுகு வைத்து அடைத்த இடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வண்ணம் பூசிய கட்டை வேண்டாம், பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

சுருதி சேர்க்க: வலந்தலை மேலே வருமாறு நிமிர்த்தி வையுங்கள். விளிம்பைச் சுற்றிய தோல் பின்னலில் 16 கண் (வார் கோக்கும் இடம்). ஒவ்வொரு கண்ணுக்கும் நேரே மீட்டிப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் பின்னலை மேலிருந்து கீழே தட்டினால் ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஒரு கண்ணைத் தட்டினால் நேர் எதிர்க் கண்ணையும் பாருங்கள். வட்டமாக ஒரே பக்கமாகத் தட்டிக்கொண்டே போனால் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். தட்டும் கல் கரணையில் பட்டால் போச்சு.

தொப்பிக்கு ரவை. தண்ணீர் விட்டு இட்லி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, தோலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு நடுவில் வட்டமாக அப்புங்கள். அதிகம் வைத்தால் தொம் இறங்கும், குறைத்தால் ஏறும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்து, துடைத்துக் காயவிட்டுத்தான் உறைக்குள் வைக்க வேண்டும். மறந்தால் கரப்பானுக்கும் எலிக்கும் விருந்து.

கணக்குப்பிள்ளை
பாணி கேள்விக்கு. புதுக்கோட்டை வழி மாமூண்டியா பிள்ளையிடம் தொடங்குகிறது. கஞ்சிரா என்ற சிறு தோல் வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை, மேலே சொன்ன சுப்பிரமணிய பிள்ளையின் தகப்பனார். லயக் கணக்கு இந்த வழியின் பலம். தஞ்சாவூர் வழியில் நாராயணசாமி அப்பா, பிறகு வைத்தியநாத அய்யர், அவரிடம் கற்ற பாலக்காடு மணி அய்யர் (1912–1981). த தி தொம் நம் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. விரல் வைக்கும் இடமும் தொப்பியில் கும்கி (கையை அழுத்தி வழுக்கி எழுப்பும் ஒலி) போடும் விதமும் பின்னால்தான் பிரியும்.

பாணியை விட இதைக் கவனியுங்கள்: வாயால் சொல்லிக்கொண்டு கையால் தாளம் போட வைக்கிறாரா? உதாரணம், ஆதி தாளத்தில் 8 அட்சரம் (தாளத் துடிப்பு), அட்சரத்துக்கு 4 வீதம் மொத்தம் 32 மாத்திரை. ததிகிணதொம் 5 மாத்திரை, மூன்று முறை 15. 32-இல் 15 போனால் 17. அதாவது ஐந்தாவது அட்சரத் தட்டு விழுந்து ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) வந்து விழும். தட்டோடு எடுத்துவிட்டால் ஒரு மாத்திரை முன்னாலேயே முடிந்துவிடும். இதை வாயால் சொல்ல வராதவருக்குக் கையில் வராது.

பழந்தமிழ் நூல்களில் வரும் தண்ணுமை என்ற தோல் வாத்தியம்தான் மிருதங்கம் என்று இரண்டாயிரம் வருஷக் கதை சொல்வார்கள். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தரும் தோற்கருவிப் பட்டியலில் மத்தளமும் தண்ணுமையும் தனித்தனியாக இருக்கின்றன. அதனால் அந்தச் சமன்பாட்டை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தொப்பித்தோல்
கணக்குப்பிள்ளை சொன்ன பரம்பரையில் தோல் கட்டியவர்கள் விட்டுப்போயினர். மணி அய்யருக்குத் தஞ்சாவூர் பர்லாந்து போல, ஒவ்வொரு நாதத்துக்குப் பின்னாலும் ஒருவர் உண்டு. ஊரில் வாத்தியம் கட்டுபவர் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கரணை உதிர்ந்து விரலில் கருப்புப் பொடி ஒட்டத் தொடங்கினால் நீங்களே பசை தடவக் கூடாது, அவரிடம் கொண்டுபோங்கள். கார் டிக்கியில் வெயிலில் விட்டால் கரணை வெடிக்கும். மழைக்காலத்தில் சுருதி இறங்கினால் அது பழுதில்லை, ஈரம்.

லயப்பித்து
நன்றி. ஆசிரியர் கடைசிவரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வீடியோவில் வேறொருவரிடம் கற்கலாமா?

வலந்தலை
கற்கலாம். ஆனால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாக வரும். அவர் வாசித்து நிறுத்தியபின் நீங்கள் வாசியுங்கள். செயலியில் இரைச்சல் குறைப்பு அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தொப்பியின் கும்கியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். கேமராவை முகத்துக்கு வைக்காதீர்கள், இரண்டு கைகளும் தெரியும்படி இடுப்பு உயரத்தில் வையுங்கள். "கண்ணாடி போலக் காட்டு" என்ற வசதியையும் அணையுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் எந்தக் கை எது என்று குழம்பும்.