16 கிலோ கெட்டில்பெல்லிலிருந்து 20-க்கு எப்போது மாறலாம்?

வணக்கம் நண்பர்களே. கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) பழகியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

இப்போது 16 கிலோவில் செய்கிறேன். இரண்டு கை ஸ்விங் (கால்களுக்கு இடையிலிருந்து இடுப்பு விசையால் முன்னால் வீசுவது) பத்துப் பத்தாக, நிமிடத்துக்கு ஒரு செட் என்று பத்து செட் போட்டாலும் வேகம் குறைவதில்லை. கடைசி வரை இடுப்பு வெடுக்கென்று நிமிர்கிறது, மூச்சிரைப்பும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. ஸ்விங்குக்கு 20 எடுக்கலாம் என்றே தோன்றுகிறது.

குழப்பம் ஓவர்ஹெட் பிரஸ்ஸில்தான், அதாவது ஒரு கையால் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவதில். வலது கையில் ஐந்து முறை சுத்தமாக ஏறுகிறது. இடது கையில் நான்காவது முறையே முழங்கை வெளியே விலகி, விலா முன்னால் தள்ளிக்கொண்டு, முதுகு பின்னால் வளைகிறது. டம்பெல் என்றால் ஒன்றிரண்டு கிலோவாகக் கூட்டலாம். கெட்டில்பெல்லில் வழக்கமான படி 4 கிலோ; 16-லிருந்து 20 என்பது ஒரேயடியாக 25 சதவீதம். ஒற்றைத் தோளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஸ்விங்குக்கு மட்டும் 20, பிரஸ்ஸுக்கும் டர்க்கிஷ் கெட்-அப்புக்கும் (எடையை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடியே படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது) 16 என்று பிரித்து வைத்துக்கொள்வது சரியா? பிரஸ்ஸில் இரு கையிலும் எத்தனை முறை வந்தபிறகு நீங்கள் மாறினீர்கள்? முதல் செட்டை மட்டும் கனமானதில் செய்துவிட்டு மீதியைப் பழைய எடையிலேயே முடிப்பது யாருக்காவது பலன் தந்ததா? அவசரப்பட்டு எடை கூட்டித் தோள் வலி வந்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள், எனக்கு அந்த அனுபவம்தான் முக்கியமாகத் தேவை.